கண்ணை மூடிய அம்மன்

1

என் மகள் பாக்கியம் கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, அவள் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய படத்தை. பெற்ற பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, என்னைப் பார்க்க யாரையும் வரச் சொல்லாதீங்க. நான் நர்ஸ் படிக்கப் போறேன்" என்கிறது. ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ரசக் கரண்டியும் கையுமாகச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அவருக்குக் கவலை வேறு. பெண் கேட்டிருந்தது அவருடைய முதலாளியின் தங்கை மகனுக்கு. இந்தப் பினாங்கு ஊரில், கடைகளுக்குக் காலண்டர் அடித்துக் கொடுக்கும் அச்சகம் ஒன்றில் அவர் போர்மேன். நாங்கள் குடியிருக்கும் வீடும் முதலாளி பார்த்துக் கொடுத்ததுதான். பையன் துறைமுக ஆபீசில் வேலை பார்க்கிறான், நல்ல பையன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லாத இடம். அந்த மாதிரி இடத்தை மறுப்பதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம்.

"ராமையா மகளா கல்யாணம் வேணாங்குது?" என்று முதலாளி வீட்டில் கேட்பார்கள். அதை அவர் யோசித்துக்கொண்டிருந்தார். நான் படத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னால்தான் என் பயம் விளங்கும்.

2

கீரனூரிலிருந்து உள்ளே தள்ளி, நெல்லும் கடலையும் போடுகிற ஊர் எங்களது. என் தாத்தா இளவட்டமாக இருந்த காலத்தில் திருச்சிக் கடைத்தெருவில் புதிதாகச் சாமி படங்கள் வந்து இறங்கினவாம். அதற்கு முன்னால் சாமியை வண்ணத்தில் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும், இல்லை பணக்காரர் வீட்டுத் தஞ்சாவூர்ப் படத்தைப் பார்க்க வேண்டும். கல்லில் எழுதி அச்சடித்த படங்கள் வந்த பிறகுதான் எங்களைப் போன்ற சம்சாரிகள் வீட்டுச் சுவருக்கும் சாமி வந்தது. ஊரில் எல்லாரும் லட்சுமி வாங்கினார்கள், சரஸ்வதி வாங்கினார்கள், முருகனை வள்ளி தெய்வானையோடு வாங்கினார்கள். தாத்தா வாங்கிவந்தது, தவக்கோலத்தில் இருக்கிற பார்வதியை.

பாறை மேல் உட்கார்ந்திருப்பாள். பின்னால் பனிமலை. பக்கத்தில் ஒரு மான். மரவுரி கட்டி, சடை விழுந்த தலை, கையில் ஜெபமாலை. ஒரு பொட்டு நகை கிடையாது. கண் இரண்டும் மூடியிருக்கும். மற்ற வீட்டுச் சாமிகள் எல்லாம் நம்மைப் பார்க்கும், கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணும், காசு கொட்டும். எங்கள் வீட்டு அம்மன் யாரையும் பார்க்க மாட்டாள்.

அந்தக் காலத்தில் பெண்கள் இந்தப் படங்களைச் சும்மா மாட்டிவைக்க மாட்டார்கள். கண்ணாடியைக் கழற்றி, வேலம்பிசின் தடவி, சேலையில் சரிகையும், நெக்லஸில் சம்கியும், கிரீடத்தில் ஜிகினாவும் ஒட்டுவார்கள். மத்தியான வேளையில் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து இதைச் செய்வார்கள். தாள் சாமி அப்படித்தான் அவரவர் வீட்டுச் சாமி ஆகும். கோயிலில் அம்மனுக்குச் சேலை கட்ட நமக்கு உரிமை கிடையாது. வீட்டில் யார் தடுப்பது?

எங்கள் படத்துக்கு அந்த வேலையைச் செய்தவள் என் அக்கா தெய்வானை. எனக்கு நாலு வயது மூத்தவள், வாய் கொஞ்சம் அதிகம். அவள் பனிமலைக்கு வெள்ளைச் சம்கி ஒட்டினாள். மானுக்குப் புள்ளி வைத்தாள். அம்மனைத் தொடவில்லை.

"கழுத்துல ஒண்ணாச்சும் வையுடி" என்றார் எங்கள் ஆத்தா. ஊர்ப்பக்கம் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

"அவுகளே எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுத்தான வந்து உக்காந்திருக்காக. நாம எதுக்கு மாட்டிவிடணும்?" என்றாள் அக்கா.

3

அக்காவுக்குக் கறம்பக்குடிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வந்தது. எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த சமயம். ஊரில் எல்லாரும் ராஜாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பலகாரம் என்பதுதான் பேச்சு.

வந்தார்கள், உட்கார்ந்தார்கள். அக்கா வந்து கும்பிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மாப்பிள்ளையின் தங்கை கை கழுவப் போய்விட்டு வந்து, தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் சுவரைப் பார்த்தார்.

"இந்தக் கோலத்துல இருக்குற அம்மனை யாரும் நடுவீட்டுல வைக்க மாட்டாகளே" என்றார்.

ஆத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "கல்யாணத்துக்குத்தாங்க தவம் இருக்காக. ஈஸ்வரன் வரணும்னு" என்றார்.

"அது சரிங்க. இத்தனை வருஷமா உக்காந்திருக்காக, இன்னும் வந்து சேரலையே."

பலகாரத்தைச் சாப்பிட்டார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை.

அந்த அம்மாள் சொன்னது எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கன்னிப் பெண்கள் இருக்கிற வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் அம்மன் ஆகாது, பார்த்துப் பார்த்துப் பெண்ணுக்கும் அதே புத்தி வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆத்தா ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் படத்தைக் கழற்றி, மஞ்சள் சரிகையில் ஒரு தாலி வெட்டி அம்மன் கழுத்தில் ஒட்டிவிட்டார். அக்கா சாயங்காலம் வந்து பார்த்தாள். சண்டை வரப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன்.

"இருக்கட்டும். ஒட்டுனதுதான, கட்டுனது இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

அடுத்து வந்த இரண்டு இடமும் நிற்கவில்லை. அக்கா எட்டாவது வரை படித்திருந்தாள். அய்யாவிடம் மன்றாடி, புதுக்கோட்டையில் டீச்சர் ட்ரெய்னிங்கில் சேர்ந்துவிட்டாள். கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது அப்போதுதான். மூத்தவள் அப்படி இருக்கும்போது இளையவளை யார் எடுப்பார்கள்? சுற்று வட்டாரத்தில் எனக்கு ஒரு இடமும் வரவில்லை. கடைசியில் வந்தது, பினாங்கில் அச்சகத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. எங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்காதவர்.

நான் கிளம்புகிற அன்று ஆத்தா அந்தப் படத்தை என் பெட்டியில் வைத்துக் கட்டினார். "குளத்துல போட மனசு வரலை. கடலைத் தாண்டிப் போயிருச்சுன்னா அதோட தோஷமும் போயிரும். ஒனக்குத்தான் கழுத்துல தாலி ஏறியாச்சே, ஒனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். எனக்குப் பிறக்கப்போகும் பெண்ணைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

4

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, வாந்தி எடுத்து, அரை உயிராகப் பினாங்கில் இறங்கினேன். அப்போது மலாயாக் காட்டுக்குள் வெள்ளைக்காரர்களுக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்ததால் துறைமுகத்தில் கடும் சோதனை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி படத்தின் முதுகுப் பலகையைத் தட்டிப் பார்த்தார். உள்ளே எதையோ ஒளித்துவைத்திருப்பதாகச் சந்தேகம். ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை எடுத்துவிட்டுத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க நின்ற தமிழ் ஆள், "உங்க அக்காவான்னு கேக்குறாரும்மா" என்றார்.

நகை இல்லை, நாலு கை இல்லை, கிரீடம் இல்லை. அவருக்கு அது சாமியாகவே தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட இருந்தேன். பிறகு, "சாமிங்க" என்றேன். அதிகாரி தாளை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

5

இங்கே வந்த பிறகுதான் படம் எப்படி உண்டாகிறது என்று எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஒருநாள் அச்சகத்திலிருந்து லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து அம்மன் முகத்தின் மேல் வைத்துக் காட்டினார். முகம் போய்விட்டது. மணல் மாதிரிப் புள்ளிகள்தான் இருந்தன.

"இந்தக் காலத்துப் படம் மெஷின்ல தகரத்துல ஓடுது. இது கல்லு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லு. கொழுப்பு மசியில கல்லு மேல வரைஞ்சு, ஒரே தாளை ஒவ்வொரு கல்லா மாத்தி மாத்தி வச்சு அழுத்தணும். ஒரு கல்லு மயிரிழை தள்ளுனாப் போதும், உதட்டுச் செவப்பு ஒரு பக்கம் போயிரும். இங்க பாரு" என்றார்.

எங்கள் அம்மனின் உதட்டுச் சிவப்பு கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே விழுந்திருந்தது. சின்ன வயதில் அவள் ஏதோ முணுமுணுக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தப் படத்தை ஒரு தீபாவளிக் காலண்டருக்குப் போடலாம் என்று இவர் முதலாளியிடம் காட்டியும் இருக்கிறார். முதலாளி கையில் வாங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "கண்ணை மூடுன சாமி ஓடாது ராமையா. கடைக்காரன் கல்லாவுக்கு மேல மாட்டுறான். சாமி அவனைப் பாக்கணும்" என்றாராம்.

பாக்கியம் பிறந்து வளர்ந்தது இந்தப் படத்துக்குக் கீழேதான். தமிழ் அவளுக்கு வீட்டில் மட்டும். தெருவில் மலாய், கான்வென்ட் பள்ளியில் இங்கிலீஷ். எனக்கு மூன்றும் குழம்பும். பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் ஒருமுறை படத்தைப் பார்த்து இது யார் என்று கேட்டார். பாக்கியம் பள்ளியில் மாதா, மாதா என்று சொல்லிப் பழகியிருந்ததால் நானும் "மாதா" என்றேன். மலாயில் மாத்தா என்றால் கண். அந்த அம்மாள் எழுந்துபோய் அம்மனின் கண்ணையே உற்றுப் பார்த்துவிட்டு, பாவம், வலிக்கிறதா என்று கேட்டார்.

பாக்கியம் ஏழெட்டு வயதில் கேட்டாள், "அம்மா, தவம்னா என்ன?"

"சாப்பிடாம, தூங்காம, ஒரே எடத்துல உக்காந்து சாமியை நெனைக்கிறது."

"யார் அவங்களுக்குப் பனிஷ்மெண்ட் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கலை. அவுகளா எடுத்துக்கிட்டாக."

"அப்ப எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுப் போகலாமா?"

"போகலாம்."

"ஏன் போகலை?"

பால் பொங்குகிறது என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன். இப்போது பதினெட்டு வயதில் அவள் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

6

அன்று சாயங்காலம் நான் அவரிடம் கேட்டேன். "ஏங்க, ஒங்க ஆர்ட்டிஸ்ட்டுக்கிட்ட சொல்லி அம்மன் பக்கத்துல ஈஸ்வரனை வரைஞ்சிரலாமா?"

"அரை நாள் வேலைதான். ஆனா கண்ணு மூடியிருக்கே, அவரு வந்து நின்னா இந்தம்மாவுக்கு எப்புடித் தெரியும்?" என்றார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் குரல் மாறியது. "கமலம், படத்தை மாத்துனா புள்ள மாறிருமா?"

மாறாது என்று எனக்கும் தெரியும். தெரிந்தாலும் பயம் போக வேண்டுமே. நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். படத்தை ஊருக்குக் கொண்டுபோய் அக்காவிடமே கொடுத்துவிடுவது. பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு போவது. தனியாக வாழ்ந்து பார்த்தவள் வாயாலேயே அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவைப்பது. முதலாளி வீட்டில், பிள்ளையை ஊர்க்கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்த பிறகு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தோம்.

பாஸ்போர்ட்டுக்குப் போன இடத்தில் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டார்கள். "புதுக்கோட்டை சமஸ்தானம்" என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு நாடு இல்லையே என்றான். இப்போது இல்லை, நான் பிறந்தபோது இருந்தது என்றேன். என் வீட்டுக்காரர் காலால் என் காலை மிதித்தார். இந்தியா என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அதற்குமேல் அவனுடைய மேலதிகாரி வந்து, பழைய காகிதம் ஏதாவது கொண்டுவா என்று சொல்லி, நாங்கள் அலைந்து திரிந்து முடிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அத்தனை நாளும் முதலாளி வீட்டம்மா கோயிலில் பார்க்கும்போதெல்லாம், "எப்ப கெளம்புறீங்க?" என்று கேட்பார். பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

7

ஆத்தாவும் அய்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊரில் தம்பி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கோட்டைப்பட்டினத்துக்கு பஸ் ஏறினோம். அக்கா அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். கடலுக்குப் பக்கத்துச் சந்தில், மரியம் பீவி என்கிற அம்மாளின் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தாள். கருவாட்டு வாடை, உப்புக் காற்று. தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"வாத்தா, வா. இங்கிட்டு உக்காரு" என்று பாக்கியத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

டீ குடித்த பிறகு மரியம் பீவியின் மருமகள் பாக்கியத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"எதுக்குடி இதை இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்த?"

"நீயே வச்சுக்க அக்கா. என் வீட்டுல வேணாம்."

"ஏன், பூச்சி அரிக்குதா?"

"பாக்கியம் கல்யாணம் வேணாங்குறா. ஒனக்கு வந்ததுதான் அவளுக்கும் வந்திருக்கு. இதைப் பாத்துப் பாத்து வளந்தவ."

அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. படத்தை மடியில் வைத்துக் கண்ணாடியில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"ஆத்தாவும்தான் பாத்தா. காலையில எந்திரிச்சா இது மூஞ்சியிலதான் முழிப்பா. அவளுக்கு அஞ்சு புள்ள. நீ பொறந்ததுலேருந்து பாக்குற. மஞ்சக் கயித்தோடதான உக்காந்திருக்க?"

"கறம்பக்குடிக்காரவுக சொன்னாகளே அக்கா. இந்தப் படத்தாலதான முறிஞ்சுச்சு?"

"படத்தாலயா?" அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாப்பிள்ளையோட தங்கச்சி கை கழுவ வந்துச்சுல்ல, அதுகிட்ட நான்தான் சொன்னேன். எனக்கு இதுல விருப்பம் இல்லை, ஒங்க வீட்டுல சொல்லிருன்னு. நல்ல புள்ள, போயி தன் ஆத்தா காதுல சொல்லியிருக்கு. அவுகளுக்கும் மரியாதையா எந்திரிச்சுப் போக ஒரு காரணம் வேணுமே. சுவத்துல இருந்தவ தலையில போட்டுட்டாக."

இத்தனை வருஷமாக நான் பயந்த பயம் கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ இருவர் பேசிக்கொண்ட இரண்டு வார்த்தையா?

"அப்ப இதுக்கு ஒரு சக்தியும் இல்லையா?"

"அதை நான் சொல்லலை." படத்தைத் திருப்பிச் சுவரோரம் சாய்த்தாள். "எனக்கு ரொம்பப் பிடிக்கும் இதை. என்ன இருக்கு இதுல? ஒரு பொம்பள தனியா உக்காந்து கண்ணை மூடியிருக்கா. எந்திரி, தண்ணி கொண்டா, மாட்டை அவுத்துக் கட்டுன்னு யாரும் அவளைச் சொல்லலை. சாமி கும்புடும்போது கூட நாம யாருக்காகவோதான கும்புடுவோம், புள்ளைக்கு, புருசனுக்கு, வெள்ளாமைக்குன்னு. இவ தனக்காக உக்காந்திருக்கா. ஆத்தா இதையே பாத்துக்கிட்டு நிப்பா. அடுப்புல சோறு பொங்கி வழியும், தெரியாது. அவளுக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு. எனக்குப் பயம் இல்ல, அம்புட்டுத்தான்."

நான் வந்த வேலையை விடவில்லை. "தனியா இருக்குறது எம்புட்டுக் கஷ்டம்னு அவளுக்கு எடுத்துச் சொல்லு அக்கா. நீ சொன்னாக் கேப்பா."

"கஷ்டம்தான். மஞ்சக்காமாலை வந்து கெடந்தப்ப மரியம் பீவி கஞ்சி ஊத்தலேன்னா போயிருப்பேன். ஓடு ஒழுகுதுன்னு ஆள் கூப்பிட்டா, வீட்டுல ஆம்பள இல்லையாம்மாங்குறான். ரிட்டயர் ஆனப்பறம் எங்க இருப்பேன்னு இன்னும் தெரியலை. இதெல்லாம் கேட்டாச் சொல்றேன். ஆனா நான் வாழ்ந்தது வாழ்க்கை இல்லைன்னு சொல்லச் சொல்லாத. அது பொய். புள்ளகிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் எனக்குள் இருந்தது வெளியே வந்தது. நான் நினைத்து வந்ததல்ல. "நீ வேணாம்னு சொன்ன. என்னையக் கடல் தாண்டி அனுப்புனாக. ஆத்தா செத்தப்பக்கூட நான் வரலை. கப்பல் கெடைக்கலை."

"தெரியும்" என்றாள் அக்கா. சந்தில் யாரோ வலையை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. "அது ஒண்ணுதான் எனக்கு இன்னமும் உறுத்துது கமலம். நான் எனக்குன்னு எடுத்தேன், வெலையை நீ குடுத்த. ராமையா நல்லா வச்சிருக்காரா?"

"நல்லாத்தான் வச்சிருக்காரு."

"நெசமா?"

"நெசந்தான் அக்கா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். பாக்கியம் காலெல்லாம் மணலோடு உள்ளே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா அவளுக்குப் புத்தி எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன வேலை, ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது நான் படத்தை வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். பாக்கியம்தான் விடவில்லை. "அது இல்லாட்டி நம்ம வீட்டுச் சுவத்துல அந்த இடம் மட்டும் வெள்ளையாத் தெரியும்மா" என்று சொல்லி, தானே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டாள்.

8

பினாங்கு திரும்பி ஒரு வாரம் கழித்து நான் முதலாளி வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவரைப் பார்த்தால் அவர்கள் முதலாளியாகப் பேசுவார்கள். பெண்கள் இருவர் பேசினால் ஒருவேளை பெண்களாகப் பேசலாம்.

முதலாளி வீட்டம்மா காபி கொடுத்தார். நான் சுவரைப் பார்க்கவில்லை, எந்தச் சாமி மேலும் பழியைப் போடவில்லை. "பிள்ளைக்கு இப்ப கல்யாணத்துல மனசு இல்லைங்க. நர்ஸ் படிக்கணுங்குது. ஒங்க பையனுக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கதான் கட்டாயப்படுத்தலை" என்றேன்.

"ஆசைப்பட்டுக் கேட்டோம்" என்றார் அந்த அம்மாள்.

"தெரியுங்க."

"பொம்பளப் பிள்ளை சொல்றதைக் கேட்டா முடியுமா?"

"முடியுமான்னு எனக்கும் தெரியலைங்க."

நான் காபியை முடிக்காமல் வந்துவிட்டேன்.

நினைத்தது நடந்தது. அடுத்த மாதமே போர்மேன் வேலை வேறொருவருக்குப் போனது. என் வீட்டுக்காரரைக் காலண்டர் கட்டி அனுப்புகிற பகுதிக்கு மாற்றினார்கள். முதல் நாள் வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டவர், அதன் மேல் கையை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார். மசி வாடை இல்லாத சட்டை. "பரவாயில்லை, கண்ணுக்கு ஓய்வு" என்றார். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்று இன்றுவரை ஒவ்வொரு மாதமும் பயப்படுகிறேன். இதுவரை சொல்லவில்லை.

பாக்கியம் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். சாப்பிடுகிறாளா, யாரோடு பழகுகிறாள், நாளைக்கு நாங்கள் இல்லாவிட்டால் அவளுக்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. ஊரில் இதைப் படிக்கிற பெண்கள் நான் செய்தது சரியா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைக் கண்டால் முன்னைப் போலப் பயம் இல்லை. பிள்ளையைப் பற்றிய பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு எந்தச் சாமியும் காரணம் இல்லை.

போன வாரம் முதன்முதலாக லீவில் வந்தாள். ராத்திரி டியூட்டி முடித்து விடிந்ததும் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். வெள்ளை உடுப்புக் கூட மாற்றவில்லை. இட்டிலி வைக்கிறேன் என்று உள்ளே போய்த் தட்டோடு வருவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். காலில் ஷூ. குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். விரலெல்லாம் கன்றிப்போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மூன்றாவது வீட்டு அம்மாள் வந்து நின்றார். தைப்பிங் ஊரில் ஒரு வாத்தியார் பையன் இருக்கிறானாம், பாக்கியம் வந்திருப்பதைப் பார்த்ததும் நேரே இங்கே வந்தாராம்.

"பிள்ளை தூங்குதுங்க" என்றேன்.

"சும்மா எழுப்புங்களேன். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடுறேன்."

"வேணாங்க. விடிய விடிய நின்னுட்டு வந்திருக்கு. தானா எந்திரிக்கட்டும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கதவைச் சத்தம் வராமல் சாத்தினேன்.